நத்தை தின்னும் புழுவும் நான் திரும்பப் பெற்ற அறிக்கையும்

பூச்சி ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். அத்தனை வருடத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, பிறகு நானே எழுதித் திரும்பப் பெற்ற அறிக்கை ஒன்றே ஒன்றுதான். போன மாதம், இப்போது அந்த ஆய்வகத்தில் வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் தொலைபேசியில், "மேடம், நேரம் இல்ல, சந்தேகமும் தீரல, அப்ப என்ன எழுதுறது?" என்று கேட்டார். அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். உண்மையான பதில் அந்த அறிக்கையில் இருக்கிறது. அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பினாங்கு ஜார்ஜ் டவுனில் எல்லார் கைபேசியிலும் ஒரே வீடியோ. மாமாக் கடை என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கங்கோங் பெலாச்சான் என்ற கீரை வதக்கல் தட்டில் கரும்பழுப்பாக ஒரு புழு கிடப்பதைப் படம் பிடித்திருந்தார். பக்கத்தில் கடையின் பெயர்ப் பலகையையும் சேர்த்தே எடுத்திருந்தார். பத்து மணிக்குள் அது எனக்கே நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது.

பத்தரைக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் குணா ஒரு சின்னப் போத்தலை அனுப்பிவைத்தார். குணாவுக்கும் எனக்கும் பல வருடப் பழக்கம். அவசரமானவர், ஆனால் நேர்மையானவர். போத்தலில் ஸ்பிரிட்டுக்குள் மூன்று புழுக்கள் சுருங்கிக் கிடந்தன. பதினோரு மணிக்கு என் மேலதிகாரி அழைத்தார். தொழுகைக்கு எல்லாரும் கிளம்புவதற்கு முன்னால் பதில் வேண்டும், மேலே கேட்கிறார்கள் என்றார்.

கேள்வி சின்னதுதான். இது குப்பையிலும் அழுகலிலும் வளரும் ஈயின் புழுவா, இல்லையா? ஆமாம் என்றால் அடுக்களை அசுத்தம், கடையை இரண்டு வாரம் மூடலாம்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். வாய்க்கொக்கி, சுருக்கம் விழுந்த உடம்பு, பின்முனையில் சுவாசத் துளைகள். ஈப்புழு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பின்முனையைச் சுற்றி ஏதோ மெல்லிய நூல்போல ஒட்டிக்கிடந்தது. மூன்றிலும் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு இவ்வளவு வெட்கப்பட மாட்டேன். பார்த்துவிட்டு, கீரை நாரோ அழுக்கோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று புழுவில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி அழுக்கு எப்படி ஒட்டும் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் கேட்கவில்லை. குணாவை அழைத்து, "எங்கே பிடிச்சீங்க?" என்று கேட்டிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஒன்று தட்டிலிருந்து, மற்ற இரண்டும் கீரை ஊறவைத்த தொட்டித் தண்ணீரில் உயிரோடு மிதந்தன என்று சொல்லியிருப்பார். வீட்டு ஈயின் புழு தண்ணீரில் மிதந்து வாழாது. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் மாறியிருக்கும்.

பன்னிரண்டே காலுக்கு, அசுத்தத்தில் வளரும் ஈயின் புழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைக் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது.

திங்கட்கிழமை காலை கடை முதலாளி ஜபருல்லா பாய் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். அறுபது வயதுக்காரர். வெளுத்த சட்டை, தலையில் தொப்பி, கையில் மூடி போட்ட நீல வாளி. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவர் வாளியைத் தரையில் மெதுவாக வைத்தார்.

"மேடம், நீங்கதானே அந்தப் பேப்பர எழுதினது?"

"நான்தான் பாய். ஆனா மேல்முறையீட்டுக்கு வேற ஆபீஸ் இருக்கு. நீங்க கொண்டு வர்ற எதையும் நான் ஆதாரமா எடுக்க முடியாது."

"ஆதாரமா எடுக்க வேணாம். பாத்தா போதும்."

அவர் செய்ததைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காய்கறிச் சந்தையான பாசாருக்குப் போய், வழக்கமாக வாங்கும் ஆளிடமே ஆறு கட்டு கங்கோங் வாங்கியிருக்கிறார். கடைப் பக்கமே போகவில்லை. நேராக வீட்டுக்குக் கொண்டுபோய், புது வாளி ஒன்றில் குழாய்த் தண்ணீர் பிடித்து, கீரையை அப்படியே போட்டு மூடிவைத்திருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது புழு மிதந்தது.

"என் கிச்சன்ல பொறந்திருந்தா என் வீட்டு வாளிக்குள்ள எப்படி வரும், மேடம்? ரெண்டு நாளா ஒரே யோசனை. கழுவின கையோட சொல்றேன், நாப்பது வருஷக் கடை."

நான் செய்திருக்க வேண்டிய சோதனையை, பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்ட ஒரு மனிதர் தன் வீட்டு முற்றத்தில் செய்து முடித்திருந்தார். அது எனக்கு அந்தக் கணமே உறைத்தது. வாளியின் மூடியைத் திறந்தேன்.

கீரைத் தண்டுகளுக்கு நடுவே நான்கு புழுக்கள். நீருக்குள் உடம்பு, வால்முனை மட்டும் மேற்பரப்பில். ஸ்பிரிட்டில் அழுக்குபோல ஒட்டிக்கிடந்தனவே, அந்த நூல்கள் இப்போது விரிந்திருந்தன. வால்முனையைச் சுற்றி மயிரிழைகள் வட்டமாகப் பரவி, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்னஞ்சிறு பூப்போல நின்றன. அந்தப் பூவைப் பிடித்துக்கொண்டு முழு உடம்பும் கீழே தொங்கியது. மூழ்காமல், அதன் வழியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒன்றை எடுத்து விட்டேன். அதோடு கீரையில் ஒட்டியிருந்த நத்தைகள் இரண்டும் வந்து விழுந்தன. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை. எதற்காகவும் அல்ல, எடுத்துப் போடத் தோன்றாமல் விட்டுவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நத்தை காற்று வாங்க மேலே வந்தது. அதன் மென்மையான பாதம் நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தது. அதுவரை சும்மா கிடந்த புழு தலையை நீட்டியது, மடக்கியது, இன்னொரு பக்கம் நீட்டியது. கண்ணில்லாத ஒன்று எதையோ தேடுவது தெரிந்தது. பாதத்தின் ஓரம் தட்டுப்பட்டதும் வாயைக் கொக்கிபோல் மாட்டிவிட்டது.

நத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. நுரை தள்ளியது. புழு விடவில்லை, கூடவே உள்ளே போனது. தலை போயிற்று, கழுத்து போயிற்று, பாதி உடம்பு போயிற்று. ஓட்டின் கனத்தில் இரண்டும் அமிழ்ந்துவிடும் என்று நினைத்தேன். அமிழவில்லை. வெளியே மிச்சமிருந்த வால்முனையின் அந்தப் பூ நீர்ப்பரப்பை விடாமல் பிடித்திருந்தது. தன்னைவிடக் கனமான ஓட்டைச் சுமந்துகொண்டு, மேலே மூச்சு விட்டபடி, கீழே தின்றுகொண்டிருந்தது.

ஜபருல்லா பாயும் நானும் ஒரு கிண்ணத்தின் மேல் தலைகள் முட்டாத குறையாகக் குனிந்து நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர்தான் முதலில் நிமிர்ந்தார்.

"சுபஹானல்லாஹ்" என்றார். பிறகு, "இதப்போய் குப்ப ஈன்னு எழுதிட்டீங்களே, மேடம்" என்றார். அதில் கோபம் இல்லை. புழுவுக்காக வருத்தப்பட்டதுபோல இருந்தது.

நத்தைகளையே இரையாகக் கொள்ளும் ஈக்குடும்பம் ஒன்று உண்டு என்று நான் படித்திருந்தேன். தேர்வில் எழுதிக்கூட இருப்பேன். பினாங்கில் அதுவரை இருபத்தைந்து வருடம் பூச்சி பார்த்தவள், உயிரோடு அதை அன்றுதான் பார்த்தேன்.

குணாவை அழைத்துச் சொன்னேன்.

"இப்ப என்னக்கா செய்றது? இன்னும் பத்து நாள்தானே. அவரே கடையத் திறந்துடுவாரு லா. விட்டுடுங்க."

"என் கையெழுத்து தப்பு, குணா."

"தப்புன்னா என்ன சரின்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் வச்சிருக்கீங்களா?"

அந்தக் கேள்வி நியாயமானது. வாளி ஜபருல்லா பாய் கொண்டுவந்தது. அதை வைத்து நான் எதுவும் எழுத முடியாது. புழு எங்கே பிறந்ததோ அங்கே போய் என் கண்ணால் பார்த்தாக வேண்டும். பாசார் வியாபாரியிடம் குணா விசாரித்ததில் கீரை எதிர்க்கரையில் உள்ள தாசேக் கெலுகோரிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை காலை இருவரும் பாலம் தாண்டிப் போனோம்.

ரப்பர் மரங்கள் முடிந்து செம்பனை எண்ணெய்த் தோட்டம் தொடங்கும் இடத்தில், தாழ்வான நிலத்தில் நான்கு குட்டைகள். நீர் தெரியாமல் கங்கோங் படர்ந்திருந்தது. குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் பார்வதி என்ற பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் காரை விட்டு இறங்கியபோது முதுகில் மருந்துப் பம்ப்பைக் கட்டிக்கொண்டு முதல் குட்டையின் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க!" என்று கத்தினேன். என் வயதுக்கும் பதவிக்கும் ஏற்ற நடை இல்லைதான், சேற்றில் ஓடினேன்.

அவர் பயந்துபோய்க் கைப்பிடியை விட்டார். குணாவின் சீருடையைப் பார்த்ததும் முகம் இன்னும் வாடியது.

"மேடம், இன்னிக்கே அடிச்சிடறேன். ஒரு புழு இருக்காது. ஏற்கெனவே யாவாரி கீரைய எடுக்க மாட்டேங்கிறான். சாயந்தரம் லாரி வரும், அதுக்குள்ள சுத்தம் பண்ணலன்னா வேற ஆள்கிட்ட வாங்கிக்கிறேன்னுட்டான். எழுதிக் கிழுதி வச்சிராதீங்க லா."

"எழுத வரலக்கா. பாக்க வந்தோம். இங்க நத்தை இருக்கா?"

நத்தை என்றதும் அவர் பம்ப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன் குட்டை முழுக்க நத்தைதான் என்றார். கொழுந்தை எல்லாம் தின்றன. கீரை அறுக்க இறங்கினால் முழங்கால்வரை தடிப்புத் தடிப்பாக அரிப்பு.

"சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வரும் மேடம். கிளினிக்ல களிம்பு குடுப்பாங்க. பூசிக்கிட்டு மறுபடி எறங்குவேன். பெறகு போன வருஷம் நத்தை தானா கொறைஞ்சு போச்சு. அரிப்பும் நின்னு போச்சு. மாரியம்மா பாத்துக்கிட்டான்னு நெனைச்சேன்."

நான் வரப்பில் மண்டியிட்டுக் கீரையை விலக்கினேன். தெளிந்த நீர். அடியில் வெள்ளையாக ஏதோ பரவிக் கிடந்தது. முதலில் மணல் என்று நினைத்தேன். ஒரு கை அள்ளினேன். அத்தனையும் நத்தை ஓடுகள். வெற்று ஓடுகள். கையை எங்கே விட்டாலும் அதுதான் வந்தது. அடுத்த குட்டையிலும் அப்படியே. அரை ஏக்கர் நீருக்கடியில் யாருக்கும் தெரியாமல் இவ்வளவு நடந்திருக்கிறது.

"அக்கா, இங்க பாருங்க" என்று குணா கிசுகிசுத்தார். ஏன் கிசுகிசுத்தார் என்று எனக்குப் புரிந்தது. கோவிலில் பேசும் குரல் அது.

கீரைத் தண்டுகளில் ஈக்கள் உட்கார்ந்திருந்தன. அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரியவை. நீலம் பாய்ந்த பழுப்பு. பின்கால்கள் வெட்டுக்கிளிக்கு இருப்பதுபோல் நீளம், தலைக்கு முன்னால் உணர்கொம்புகள் இரண்டு குச்சிபோல் நீட்டியிருந்தன. ஒவ்வொன்றும் தலையைக் கீழே வைத்து நீரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. ஒன்றைக் கண்டுகொண்டதும் கண் பழகிவிட்டது. பத்து, இருபது, எண்ண முடியவில்லை. சில தண்டுகளில் நீருக்குச் சற்று மேலே முட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி ஒட்டியிருந்தன.

"இந்த ஈயா?" என்றார் பார்வதி. "இத தினமும் கையால வெரட்டிட்டு இருக்கேன்."

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருந்துப் பம்ப்பைக் காலால் தள்ளி ஓரமாக ஒதுக்கினார்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். நத்தை குறைந்ததால்தான் அவருடைய அரிப்பு போனதா? சில நீர்நத்தைகளில் வளர்ந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மனிதத் தோலில் நுழைந்து அரிப்பு தரும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்தக் குட்டையில் அதுதான் நடந்தது என்று நான் நிரூபிக்கவில்லை. "இருக்கலாம்" என்று மட்டுமே அவரிடம் சொன்னேன். ஒரு தவறான கையெழுத்தைச் சரி செய்யப் போன இடத்தில் இன்னொரு அவசர முடிவைச் சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. அவ்வளவு அழகான கதை அது.

அரிப்பு ஒரு பக்கம் இருக்க, சாயங்காலம் லாரி வரும். எவ்வளவு நல்ல ஈயானாலும் அதன் புழு தட்டில் வரக்கூடாது. மருந்து அடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நான் காரேறிவிட்டால் நட்டம் பார்வதிக்குத்தான். புழு நீர்ப்பரப்பை விட்டு நகராது என்பதை முந்தைய நாள் கிண்ணத்தில் பார்த்திருந்தேன். அதனால், "எந்த எடத்துல அறுக்குறீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணியோட தண்ணியா, அடியில. கனம் நிக்கும்ல."

"ஒரு சாண் மேல அறுத்துப் பாருங்க. பெறகு கட்டத் தலகீழாப் புடிச்சு நல்ல தண்ணியில அலசுங்க."

அங்கேயே செய்து பார்த்தோம். வழக்கம்போல் அறுத்த ஐந்து கட்டு ஒரு தொட்டியில், மேலே அறுத்து அலசிய ஐந்து கட்டு இன்னொன்றில். குணா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரத்தில் முதல் தொட்டியில் புழுக்கள் மிதந்தன. இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை. பார்வதி அந்தத் தொட்டியைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். லாரி வந்தபோது வியாபாரியையும் கிளறவிட்டார். அவன் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகளை ஏற்றினான்.

நானும் குணாவும் எங்கள் கையால் பிடித்த புழுக்கள் சிலவற்றோடு திரும்பினோம். இந்த முறை அவை உயிரோடு வந்தன.

புதன்கிழமை காலை மேலதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"சரி, அசுத்த ஈ இல்லை. அப்படியானால் என்ன ஈ?"

"குடும்பம் தெரியும். இனம் தெரியாது. வளர்ந்த ஈயை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் சொல்ல முடியும். வளர்க்கிறேன்."

"எத்தனை நாள்?"

"ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம்."

"அப்படியானால் ஒரு வாரம் கழித்து வாருங்கள். 'தெரியாது' என்று ஒரு அரசாங்கக் காகிதத்தில் எப்படி எழுதுவது? இத்தனை வருடப் பெயர் உங்களுக்கு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். எனக்கும் அந்த ஒரு வாரம் வசதியாகத்தான் இருந்தது. முழுப் பெயரோடு போய் நின்றால் தவறு செய்தவளாக இல்லாமல் ஏதோ கண்டுபிடித்தவளாகத் தெரிவேன். ஆனால் அந்த ஒரு வாரமும் ஜபருல்லா பாயின் கதவில் என் தவறுதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மேலதிகாரியின் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். வெள்ளிக்கிழமை நான் தந்த அடையாளம் தவறு. இது அசுத்தத்தில் வளரும் ஈ அல்ல, நீர்நத்தைகளைத் தின்னும் ஈயின் புழு. விளைநிலத்திலிருந்து கீரையோடு வந்தது, நேரில் பார்த்தேன். இனத்தின் பெயர் இன்னும் தெரியாது. இவ்வளவுதான். நேரம் இல்லாதபோது என்ன எழுதுவது என்று கேட்டீர்களே, இதைத்தான். தெரிந்தது இது, தெரியாதது இது என்று இரண்டையும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்கே அந்த வரியை நான் எழுதியிருக்கலாம். யாரும் என் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் குணா போய் அறிவிப்பைக் கிழித்தார். கடை ஆறு நாள் மூடிக்கிடந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனேன். வழக்கமாக வரிசை நிற்கும் நேரம். எட்டு மேசை காலி. ஜபருல்லா பாய் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சிடுங்க பாய், தப்பு என்மேலதான்" என்றேன்.

அவர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ கொண்டுவரச் சொன்னார்.

"பேப்பர்ல சரி பண்ணிட்டீங்க, மேடம். அதுக்கு அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும். ஆனா அந்த வீடியோ இன்னும் சுத்திக்கிட்டுத்தானே இருக்கு. ஆளுங்க வாய எந்தப் பேப்பர வச்சு சரி பண்றது?"

அவருடைய கூட்டம் பழைய நிலைக்கு வர ஐந்தாறு மாதம் ஆனது என்று குணா பிறகு சொன்னார். அந்த மாதங்களை நான் யாரிடம் போய்த் திருப்பி வாங்கித் தர முடியும்? நம் வேலையில் பிழை என்றால் அதன் நட்டம் பெரும்பாலும் வேறு யாருடைய வாசலிலாவதுதான் போய் விழும். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அவர், "அந்தப் புழு உயிரோட இருக்கா?" என்று கேட்டார்.

"கூடு கட்டிருச்சு பாய். தோலே கெட்டியாகி, வால் மேல வளைஞ்சு, குட்டிப் படகு மாதிரி தண்ணியில மெதக்குது."

"ஈயா வரும்போது சொல்றீங்களா?"

அடுத்த வாரம், முதல் கூட்டிலிருந்து வந்த ஈயை ஊசியில் குத்தி வைத்து, இனம் பார்க்கக் கோலாலம்பூருக்கு அனுப்பினேன். அது நம் வேலை, அதில் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தபோது கடைசிக் கூட்டின் முனையில் கீறல் விழுந்திருந்தது. ஜபருல்லா பாயை அழைத்தேன். பதினைந்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

படகின் மூக்கு திறந்தது. உள்ளிருந்து ஒரு தலை முட்டி முட்டி வெளியே வந்தது. பிறகு கால்கள், ஒவ்வொன்றாக, நீர்ப்பரப்பின் மேல். நனையவில்லை. இறக்கைகள் கசங்கிய காகிதம்போல முதுகில் சுருண்டிருந்தன. அது நீரின் மேல் நாலு எட்டு நடந்து, கிண்ணத்தில் நட்டுவைத்திருந்த கங்கோங் தண்டில் ஏறியது. அங்கே நின்று காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம். இறக்கைகள் மெதுவாக விரிந்து, நரம்பு நரம்பாகத் தெளிந்தன. ஜன்னல் வெளிச்சம் அவற்றின் வழியே விழுந்தது. பத்து நாளைக்கு முன் ஓர் ஓட்டுக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்த அதே உயிர் இது என்று எனக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது.

பிறகு அது தண்டைச் சுற்றிக்கொண்டு மெல்லத் திரும்பியது. தலை கீழே, முகம் நீரைப் பார்த்து. அப்படியே நின்றுவிட்டது.

ஜபருல்லா பாய் மூச்சை விட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"அதுக்கு யாரும் சொல்லித் தரலையே, மேடம்."

"இல்ல பாய்."

"வந்த வேலையப் பாக்க ஆரம்பிச்சிருச்சு." அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கும் அடுப்புப் பத்த வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.